எனக்குத் திறக்குதே, உங்களுக்கு என்ன?

போன வியாழக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. நாப்பத்தோரு பசங்களுக்கு ஒரு லிங்க் அனுப்பணும். அவ்வளவுதான்.

புதுசா படிக்கறவங்களுக்காகச் சொல்லிடறேன். என் பேரு மாலா. கொல்கத்தாவுல, பவானிபூர் பக்கத்துல ஒரு காலேஜ்ல ஜியாகரபி எடுக்கறேன். பத்தொம்போது வருஷமா. பசங்க எனக்கு வச்சிருக்கற பேரு வேற. அதுவும் எனக்குத் தெரியும், இங்க வேண்டாம்.

திங்கக்கிழமை பதினோரு மணிக்கு இன்டர்னல் டெஸ்ட். பத்து மார்க். ஒரே ஒரு கட்டுரையைப் படிச்சிட்டு வரணும், அதுலேர்ந்துதான் கேள்வி. கொல்கத்தாவுக்குக் கிழக்கால இருக்கற சதுப்பு நிலத்துல சாக்கடைத் தண்ணிய விட்டே மீன் வளர்க்கறாங்க இல்லையா, அதைப் பத்தி இருபத்தெட்டு பக்கம். எங்க லைப்ரரி வாங்கி வச்சிருக்கற டேட்டாபேஸ்ல இருக்கு.

இந்த செமஸ்டர்ல இது ரெண்டாவது டெஸ்ட். ரெண்டுல ஒண்ணுலயாவது நாலு மார்க் வாங்கினாத்தான் ஃபைனல் எழுத விடுவாங்க. முக்காவாசிப் பேர் முதல் டெஸ்ட்லயே தேறிட்டாங்க. இஷிதான்னு ஒரு பொண்ணு மட்டும் முதல் டெஸ்ட் எழுதவே இல்லை. அப்ப அவளுக்கு மஞ்சக்காமாலை. அவளுக்கு இது ஒண்ணுதான் வழி. திங்கக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மார்க் போடற போர்ட்டலை மூடிருவாங்க. அதுக்கப்புறம் யார் அழுதாலும் திறக்க மாட்டாங்க.

"பிடிஎஃபை குரூப்ல போட்டுட்டுப் போக வேண்டியதுதானே?"ன்னு நீங்க கேட்பீங்க. போடலாம். ஆனா ஒரு மாசம் முன்னாடி டிபார்ட்மென்ட் மீட்டிங்ல எழுந்து நின்னு, "பிடிஎஃபை இப்படி ஊர் பூரா சுத்தவிடறது தப்பு. பசங்க லைப்ரரி வழியாப் போய்ப் படிச்சாத்தான் கணக்குல வரும், இல்லேன்னா அடுத்த வருஷம் டேட்டாபேஸையே நிறுத்திருவாங்க. லிங்க் குடுத்துப் பழகுங்க"ன்னு கால் மணி நேரம் பேசினது யாரு? நான்தான். கை தட்டினாங்க வேற.

சரி, வியாழக்கிழமை மத்தியானம் லைப்ரரிக்குப் போனேன். அங்க இருக்கற கம்ப்யூட்டர்ல கட்டுரையைத் தேடித் திறந்தேன். மேல அட்ரஸ் இருக்கற இடத்துல க்ளிக் பண்ணி, காப்பி பண்ணேன். லிங்க் நாலு வரி நீளம். நடுநடுவுல என்னென்னமோ எண்ணு, எழுத்து, சதவீதக் குறி. பெரிய இடத்து லிங்க்னா இப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

நான் எதையும் செக் பண்ணாம அனுப்பற ஆள் இல்லை. அதே கம்ப்யூட்டர்ல மூணு தடவை திறந்து பார்த்தேன். மூணு தடவையும் ஜம்முனு திறந்துச்சு.

கிளாஸ் குரூப்ல போட்டேன். கூடவே ஒரு வரி: "லிங்க் செக் பண்ணிட்டேன். திறக்கலைன்னு யாரும் கதை விட வேண்டாம்."

சாயங்காலம் ஆறு மணிக்கு முதல் மெசேஜ். இஷிதாதான். அவ வீடு லக்ஷ்மிகாந்தபூர் லைன்ல, லோக்கல் ட்ரெய்ன்ல ரெண்டு மணி நேரம். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாத் திறந்து பார்த்திருக்கா.

"மேம், லிங்க் திறக்கலை. செஷன் முடிஞ்சிருச்சுன்னு வருது." (பசங்க பெங்காலியும் இங்கிலீஷுமா சொன்னதைத்தான் நான் தமிழ்ல சொல்றேன்.)

இந்த இடத்துல என் சரித்திரம் கொஞ்சம் உங்களுக்குத் தெரியணும். பத்தொம்போது வருஷமா சாக்கு கேட்டுக் கேட்டு என் காது காய்ச்சுப் போயிருக்கு. சரஸ்வதி பூஜைக்கு அம்மன் காலடியில வச்ச நோட்டை அன்னிக்குத் தொடக் கூடாதுன்னு இங்க ஒரு வழக்கம் உண்டு. பூஜை முடிஞ்சு பதினோரு நாள் கழிச்சும் "இன்னும் தொடலை மேம்"னு பக்தியோட நின்ன பையனைப் பார்த்தவ நான். என்கிட்டயே செஷனா?

எல்லாரும் பார்க்கற குரூப்லயே பதில் போட்டேன். "எனக்குத் திறக்குதே இஷிதா. முதல்ல படிக்கறதுக்கு மனசைத் திற. லிங்க் தானா திறக்கும்."

அனுப்பிட்டு ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தேன். எனக்கே ரொம்பப் பிடிச்சிருந்தது.

இஷிதா "சரி மேம்"னு மட்டும் போட்டா.

வெள்ளிக்கிழமை காலேஜ் லீவு. காலையில காபியோட போனை எடுத்தா பதினாலு மெசேஜ். திறக்கலை மேம். திறக்கலை மேம். வெள்ளையா வருது மேம். ஏதோ எரர் மேம். எல்லாரும் கூட்டு சேர்ந்துட்டாங்கன்னு முடிவே பண்ணிட்டேன். டெஸ்ட்டைத் தள்ளிப் போட சதி.

எங்க வீடு பெஹாலாவுல. லேப்டாப்பை எடுத்து, அதே லிங்க்கை வீட்டுலயே திறந்தேன். சல்லுனு திறந்துச்சு. எப்பவோ ஒரு நாள் என் பேர்ல லாகின் பண்ணி, "இந்தக் கம்ப்யூட்டர்ல ஞாபகம் வச்சுக்கோ"ன்னு ஒரு கட்டத்துல டிக் அடிச்சிருக்கேன். அது எனக்கு ஞாபகம் இல்லை. கம்ப்யூட்டருக்கு இருந்திருக்கு.

உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கட்டுரைத் தலைப்பைச் சுத்திச் சிவப்பு வட்டம் போட்டு, குரூப்ல போட்டேன். "இதோ பாருங்க. திறக்குது."

கிளாஸ் ரெப் சௌரவ்னு ஒரு பையன். ரொம்ப மரியாதையான பையன். அதுதான் அவன்கிட்ட ஆபத்து. அவன் பதில் போட்டான்: "ஆமாம் மேம். ஸ்க்ரீன்ஷாட் நல்லாத் திறக்குது."

எங்க வீட்டுக்காரர் எதிர்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தார். அவருக்கு கார்டன் ரீச்ல ரயில்வே ஆபீஸ். லீவு நாள்ல நான் பல்லைக் கடிக்கற சத்தம் கேட்டா அவருக்கு ஒரு தனி சந்தோஷம்.

"என்ன மாலா?"

"பசங்க எல்லாம் சேர்ந்து பொய் சொல்றாங்க."

"நாப்பத்தோரு பேருமா?"

"பதினாலு பேரு. மத்தவங்க இன்னும் தூங்கறாங்க."

"என் போனுக்கு அனுப்பு, பார்ப்போம்."

அனுப்பினேன். திறந்தார். திருப்பிக் காமிச்சார். செஷன் முடிஞ்சிருச்சாம்.

"உங்க போன் பழசு"ன்னேன்.

"போன மாசம் நீதான் வாங்கிக் குடுத்தே."

அப்படியும் நான் ஒத்துக்கலை. கறிவேப்பிலை வாங்கற சாக்குல மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். அங்க நம்ம ஊர் அண்ணாச்சி ஒருத்தர் மளிகைக் கடை வச்சிருக்கார். நாசரேத் பக்கம். இட்லி மாவு, அப்பளம், முறுக்கு எல்லாம் அவர்கிட்டதான். 

"அண்ணாச்சி, ஒரு லிங்க் அனுப்பறேன், உங்க போன்ல திறந்து பார்க்கறீங்களா?"

அண்ணாச்சி போனை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். "என்ன லிங்க் டீச்சரம்மா?"

"காலேஜ் லிங்க்தான்."

"போன வாரமும் ஒருத்தன் பேங்க் லிங்க்தாம்மான்னுதான் சொன்னான்."

"அண்ணாச்சி, என்னைப் பத்து வருஷமா உங்களுக்குத் தெரியும்."

"உங்களத் தெரியும்மா. லிங்க்கத் தெரியாதுல்லா."

கடைசில, ஓடிபி எதுவும் கேட்டா அந்த நிமிஷமே அணைச்சிருவேன்னு கண்டிஷன் போட்டுத் திறந்தார். ஓடிபி கேக்கலை. செஷன் முடிஞ்சிருச்சு.

"நல்லவேளை, முடிஞ்சிட்டு"ன்னார் அண்ணாச்சி. நிம்மதியா கறிவேப்பிலையைக் கொஞ்சம் கூடவே போட்டுக் குடுத்தார்.

அப்பதான் எனக்கு உறைச்சுது. அண்ணாச்சிக்கு டெஸ்ட் கிடையாது. அவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அந்த நிமிஷமே இஷிதாகிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கணும். கேட்டேனா? நான் போட்ட மெசேஜைப் பாருங்க: "சிலருக்குத் தொழில்நுட்பக் காரணங்களால் சிரமம் இருப்பதாகத் தெரிகிறது. நாளை புதிய லிங்க் வழங்கப்படும்." ஏதோ மின்வாரியத்துல நான் பெரிய அதிகாரி மாதிரி.

லைப்ரரியன்கிட்ட கேட்டிருக்கலாம்தான். அனிர்பன்னு ஒரு பையன், சின்ன வயசு, எங்க காலேஜ்ல சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது. ஆனா அவன்கிட்டப் போய், "எனக்கு லிங்க் அனுப்பத் தெரியலைப்பா"ன்னு எப்படிக் கேக்கறது? மீட்டிங்ல கால் மணி நேரம் பேசினவ ஆச்சே. நானே பார்த்துக்கறேன்னு சனிக்கிழமை காலையில உக்காந்தேன்.

என் அக்கவுன்ட்ல ஒரு ஃபோல்டர் உண்டு. பிடிச்ச கட்டுரை எல்லாம் அதுல சேமிச்சு வச்சிருப்பேன். மீன் கட்டுரையும் அங்க இருந்தது. சேமிச்சு வச்ச இடத்துலேர்ந்து எடுத்தா லிங்க் எப்படி முடிஞ்சு போகும்? நல்ல லாஜிக் இல்லையா? ஃபோல்டரைத் திறந்தேன். மறுபடியும் மேல இருந்த அட்ரஸையே காப்பி பண்ணேன்.

இந்தத் தடவை நான் உஷார். வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பிப் பார்த்தேன். திறந்துருச்சு. எனக்கு நிலை கொள்ளலை. அவர் ஸ்க்ரீனையே உத்துப் பார்த்துக்கிட்டு ஏதோ சொல்ல வந்தார். நான் கேக்கலை. காலை பத்து மணிக்கு குரூப்ல போட்டேன். "புதிய லிங்க். நிச்சயம் திறக்கும்."

நிச்சயம் திறந்துச்சு.

பத்து நிமிஷத்துல சௌரவ் மெசேஜ். "நன்றி மேம். திறந்திருச்சு. ஒரு சந்தேகம். ஃபோல்டர்ல மொத்தம் ஒம்போது கட்டுரை இருக்கு. அதுல எட்டு கட்டுரை குறட்டையைப் பத்தி. டெஸ்ட்டுக்கு எது மேம்?"

என்ன ஆச்சுன்னா, நான் அனுப்பினது கட்டுரையோட லிங்க் இல்லை. என் அக்கவுன்ட்டுக்குள்ள நேரா நுழையற வழி. நான் உள்ள இருக்கற வரைக்கும் அந்த லிங்க்கைத் தொட்டவங்க எல்லாம் நானாவே உள்ள வந்துருவாங்க. என் ஃபோல்டர், என் தேடல், எல்லாம் அவங்களோடது.

குறட்டை விஷயம் உண்மை. எங்க வீட்டுக்காரர் விடற குறட்டையில பக்கத்து ஃப்ளாட் பௌதி, அதாவது அண்ணி, காலையில என்னைப் பார்த்தா முதல்ல என் கண்ணைத்தான் பார்ப்பாங்க. வைத்தியம் என்னன்னு ஆராய்ச்சி ஏதும் இருக்கான்னு போன மழைக்காலத்துல தேடி எடுத்து வச்சேன். தேடினதெல்லாம் வரிசையாப் பக்கத்துலயே இருந்தது. "நடுத்தர வயது ஆண்கள் குறட்டை." "குறட்டை அறுவைச் சிகிச்சை தேவையா." "குறட்டை மனைவி தூக்கமின்மை." கடைசியா ஒண்ணு, நான் கோவத்துல தேடினது: "குறட்டை நிரந்தரத் தீர்வு."

குரூப் நிறைஞ்சு போச்சு.

"மேம், ஸாரை ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்க. மூணாவது கட்டுரையில இருக்கு."

"மேம், என் மாமாவுக்கு இதே பிரச்சனை. எடை குறைச்சதும் சரியாயிருச்சு."

"மேம், அஞ்சாவது கட்டுரை சின்னதா இருக்கு. அதையே டெஸ்ட்டுக்கு வச்சுக்கலாமா?"

காலேஜ்ல சேர்ந்த நாள்லேர்ந்து நான் கத்திக் கத்திக் கேட்டும் லைப்ரரி டேட்டாபேஸ் பக்கம் எட்டிப் பார்க்காத பசங்க, அன்னிக்கு ஒவ்வொரு கட்டுரையாத் திறந்து, மேற்கோளோட பேசறாங்க. ஒரு டீச்சரா எனக்கு அதுல கொஞ்சம் பெருமை கூட வந்துச்சு. அதைச் சொன்னா நம்ப மாட்டீங்க.

எங்க வீட்டுக்காரர் என் தோளுக்குப் பின்னாடி நின்னு எல்லாத்தையும் படிச்சிட்டிருந்தார்.

"எட்டு கட்டுரையா?"ன்னார்.

"அது வந்து..."

"இருபத்தி ரெண்டு வருஷம் கூட வாழ்ந்துட்டு, நேர்ல ஒரு வார்த்தை சொல்லாம, ஆராய்ச்சிக்குப் போயிட்டியே மாலா."

"நேர்ல சொன்னேன். நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

ஒருத்தரும் படிக்காம ஒம்போதாவது கட்டுரை, அதாவது மீன் கட்டுரை, பாவமா அடியில கிடந்துச்சு. "ஒம்போதாவதை மட்டும் படிங்க"ன்னு நான் டைப் பண்ணி முடிக்கறதுக்குள்ள யாரோ ஒரு புண்ணியவான் ஒம்போதையும் ஒரேயடியா டவுன்லோட் பண்ணியிருக்கான். அவனைப் பார்த்து இன்னொருத்தன். பத்து நாப்பத்தஞ்சுக்கு எனக்கு ஒரு மெயில் வந்துச்சு. ஒரே நேரத்துல ஹவுரா, கரியா, பராசத், டம்டம்னு முப்பது இடத்துலேர்ந்து நீங்க படிச்சிட்டிருக்கீங்க, சந்தேகமா இருக்கு, உங்க அக்கவுன்ட்டைப் பூட்டிட்டோம்னு.

அனிர்பனுக்குப் போன் போட்டேன். எடுக்கலை. லைப்ரரியில அன்னிக்கு வருஷா வருஷம் நடக்கற ஸ்டாக் எடுக்கற வேலை. வெளியாள் யாருக்கும், டீச்சருக்குக் கூட, உள்ள வர அனுமதி இல்லை, வேலை செய்யறவங்க போனெல்லாம் லாக்கர்ல.

பன்னிரண்டரைக்கு எனக்குத் தனியா ஒரு மெசேஜ். இஷிதா. சனிக்கிழமை காலையில அவ சின்னப் பசங்களுக்கு ட்யூஷன் எடுப்பா. அது முடிச்சிட்டு வந்து இப்பதான் புது லிங்க்கைத் தொட்டிருக்கா.

"மேம், அக்கவுன்ட் பூட்டியிருக்குன்னு வருது. நிஜமாத்தான் மேம். அன்னிக்கும் நான் பொய் சொல்லலை. இந்த டெஸ்ட் எழுத முடியலைன்னா எனக்கு ஒரு வருஷம் போயிரும். வேற எப்படிப் படிக்கறதுன்னு சொல்லுங்க மேம்."

வெக்கமா இருந்தது. உண்மையான வெக்கம். குறட்டை விஷயத்துல வந்ததெல்லாம் ஒண்ணுமே இல்லை. "மனசைத் திற"ன்னு ஒரு பொண்ணுகிட்ட நாப்பது பேர் முன்னாடி சொன்னவ, கதவையே தப்பாக் காமிச்சிருக்கேன். கட்டுரையை அவளுக்கு நானே அனுப்பிரலாம்னு பார்த்தா, என் அக்கவுன்ட் பூட்டிக் கிடக்கு, கட்டுரை அதுக்குள்ள இருக்கு. டவுன்லோட் பண்ணி வச்ச பையனைக் கேட்டேன். அவன் குறட்டை எட்டையும் பத்திரமா வச்சிருந்தான். ஒம்போதாவது இறங்கறதுக்குள்ள பூட்டிட்டாங்களாம்.

"நாளைக்குள்ள எப்படியாவது திறந்து குடுக்கறேன்மா. என்னை நம்பு"ன்னு எழுதினேன். யாரை யார் நம்பறதுன்னு எனக்கே சிரிப்பு வந்தது. சிரிக்கற நிலையில இல்லை.

ஞாயித்துக்கிழமை காலை ஒம்போது மணிக்கு அனிர்பன் போனை எடுத்தான். பின்னாடி ஒரே சந்தைச் சத்தம். ஞாயித்துக்கிழமை காலையில ஒரு பெங்காலிப் பையன் எங்க இருப்பான்? மீன் மார்க்கெட்லதான்.

"சொல்லுங்க தீதி." (இங்க அக்காவை அப்படித்தான் கூப்பிடுவாங்க.)

எல்லாத்தையும் சொன்னேன். குறட்டையை மட்டும் விட்டுட்டேன்.

"தீதி, ஒண்ணு கேக்கறேன். லிங்க்கை எங்கேர்ந்து எடுத்தீங்க? மேல அட்ரஸ் பார்லேர்ந்தா?"

"ஆமா."

"ரெண்டு தடவையுமா?"

"ஆமாப்பா."

மீன் வெட்டற சத்தத்துக்கு மேல குரலை உசத்திச் சொன்னான்.

"அது ஆஸ்பத்திரி ஓபி சீட்டு மாதிரி தீதி. அன்னிக்கு மட்டும், உங்களுக்கு மட்டும். அடுத்தவங்க எடுத்துட்டுப் போனா டாக்டர் பார்க்க மாட்டார். லைப்ரரிக்குள்ள இருக்கற கம்ப்யூட்டர்ல எது வேணா திறக்கும், அது காலேஜ் நெட்வொர்க். வெளியில இருக்கறவங்களுக்கு... ஏ மீன்கார அண்ணா, சின்னச் சின்னதா வெட்டாதே, பெரிய துண்டாப் போடு... வெளியில இருக்கறவங்களுக்குக் கட்டுரைப் பக்கத்துலயே 'பெர்மாலிங்க்'னு ஒரு பட்டன் இருக்கும் தீதி. வலது பக்கம். அதை அழுத்தினா வர்றதுதான் நிரந்தர முகவரி. அதுக்கு முன்னாடி நம்ம காலேஜ் லாகின் முகவரியை ஒட்டணும். அப்பதான் பசங்க அவங்கவங்க பேர்லயே உள்ள போவாங்க."

"இதையெல்லாம் யாருப்பா எங்களுக்குச் சொன்னா?"

"போன ஜூலையில நான் ட்ரெய்னிங் எடுத்தேனே தீதி."

"அப்படியா? நான் வரலையோ என்னமோ."

"வந்தீங்க தீதி. முன் வரிசையில உக்காந்திருந்தீங்க. நீங்கதான் நன்றியுரை சொன்னீங்க."

நான் பேப்பரும் பேனாவும் தேட ஆரம்பிச்சேன்.

"ரொம்ப நல்லாப் பேசினீங்க"ன்னு வேற சொன்னான்.

மீனை வீட்டுல குடுத்துட்டு, பத்தரை மணிக்கு என் அக்கவுன்ட்டைத் திறந்து விட்டான். நான் அவன் சொன்ன மாதிரியே பண்ணேன். பட்டன் அங்கயேதான் இருந்தது. வலது பக்கம், பச்சைக் கலர்ல, பளிச்சுனு. அஞ்சு வருஷமா இருந்திருக்கு. வந்த லிங்க் ஒரே ஒரு வரி.

வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பினேன். திறந்தா பேரும் பாஸ்வேர்டும் கேக்குது. மறுபடியும் அனிர்பனுக்குப் போன்.

"பாஸ்வேர்ட் கேக்குதுப்பா!"

"கேக்கணும் தீதி. கேட்டாத்தான் சரியான லிங்க்."

பத்தொம்போது வருஷ சர்வீஸ்ல எனக்கு யாரும் இப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்லை. குரூப்ல போட்டேன். உங்க லைப்ரரி கார்டு பின்னாடி இருக்கற நம்பரும் பாஸ்வேர்டும் போட்டுத் திறங்கன்னு எழுதினேன்.

"லைப்ரரி கார்டா?"ன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு. அப்புறம் அதே மாதிரி பத்து மெசேஜ். முதல் வருஷம் வாங்கினதை அலமாரிக்கு அடியில, பழைய பர்ஸ்ல, அம்மாவோட பூஜை டப்பாவுலன்னு எங்கெங்கேர்ந்தோ எடுத்தாங்க. பதினோரு மணி பத்து நிமிஷத்துக்கு சௌரவ், "திறந்திருச்சு மேம். இந்தத் தடவை மீன் மட்டும்தான் இருக்கு"ன்னு போட்டான்.

அதுக்கப்புறம் நான் எழுதினதை இங்கயும் எழுதறேன். "முதல் லிங்க்கும் தப்பு, ரெண்டாவது லிங்க்கும் தப்பு. தப்பு என்னோடது. இஷிதா முதல் நாளே உண்மையைச் சொன்னா. நான்தான் அவளைக் கிண்டல் பண்ணேன். மன்னிச்சிரும்மா."

அனுப்பினப்புறம் மனசு லேசா இருந்தது.

நாலே நிமிஷம். "படிச்சிட்டேன் மேம்"னு ஒரு மெசேஜ். அப்புறம் இன்னொண்ணு. "முடிச்சாச்சு மேம்." "அருமையான கட்டுரை மேம்." "ரொம்ப உபயோகமா இருந்தது மேம்." மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முப்பத்தேழு பேர் இருபத்தெட்டு பக்கத்தையும் படிச்சு முடிச்சிட்டாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. என்ன பசங்க!

இஷிதாகிட்டேர்ந்து மட்டும் ஒண்ணும் இல்லை. என் மெசேஜ் அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஒத்தை டிக். மூணு மணிக்கும் ஒத்தை டிக். போன் பண்ணா அணைஞ்சு கிடக்கு.

"கோவிச்சுக்கிட்டாளோ?"ன்னேன்.

"சார்ஜ் இல்லாம இருக்கும்"னார் வீட்டுக்காரர். "எல்லாத்துக்கும் நீதான் காரணம்னு நினைக்காதே. லிங்க்குக்கு மட்டும் நினைச்சுக்கோ."

திங்கக்கிழமை பத்து அம்பத்தஞ்சு. ஹால்ல எல்லாரும் வந்தாச்சு. அவ இடம் காலி. நான் கேள்வித்தாளைக் கையில வச்சுக்கிட்டு வாசலையே பார்த்துட்டிருந்தேன். பத்து அம்பத்தெட்டுக்கு ஓடி வந்தா. முகமெல்லாம் வேர்வை.

"லிங்க் திறந்துச்சா இஷிதா?"

"திறந்துச்சு மேம். நேத்து பகல் பூரா எங்க பக்கம் கரண்ட் இல்லை. சாயங்காலம்தான் பார்த்தேன். நீங்க அனுப்பின மெசேஜையும் பார்த்தேன் மேம்." கொஞ்சம் சிரிச்சா. "பரவாயில்லை மேம்."

"படிச்சியா?"

சிரிப்பு போயிருச்சு. "பதினெட்டு பக்கம்தான் முடிஞ்சது. மிச்சத்தை ட்ரெய்ன்ல படிக்கலாம்னு பார்த்தேன். கூட்டத்துல போனையே எடுக்க முடியலை மேம்."

கேள்வித்தாள் அச்சடிச்சு என் கையில இருக்கு. மொத்தம் மூணு கேள்வி, மூணாவது கேள்வி இருபத்தி மூணாம் பக்கத்துலேர்ந்து. நான் என்ன பண்ண முடியும்? "உக்காரு, தெரிஞ்சதை எழுது"ன்னேன்.

அஞ்சு மணிக்கு போர்ட்டல் மூடிருவாங்களே, டெஸ்ட் முடிஞ்ச கையோட ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து திருத்த ஆரம்பிச்சேன். மேல இருந்தது, ரொம்ப உபயோகமா இருந்ததுன்னு சொன்ன பையனோடது. "மீன் தண்ணீரில் வாழும் உயிரினம். சாக்கடையிலும் தண்ணீர் உள்ளது. எனவே சாக்கடையிலும் மீன் வாழலாம்." முதல் கேள்விக்கு அவ்வளவுதான். ரெண்டாவது கேள்விக்கு அதையே திருப்பிப் போட்டு எழுதியிருந்தான். அருமையான கட்டுரைன்னு சொன்ன பொண்ணு, மீனை எப்படிக் கழுவிச் சமைக்கணும்னு ஒரு பக்கம் எழுதியிருந்தா. நல்ல கையெழுத்து. இன்னொரு பேப்பர்ல நடுவுல "சுவாசப் பாதை"ன்னு ஒரு வார்த்தை வந்துச்சு. இவன் எந்தக் கட்டுரையைப் படிச்சான்னு நான் யாரையும் கேக்க வேண்டியதில்லை.

முப்பத்தேழு பேர்ல முழுசாப் படிச்சது ஆறு பேர். எண்ணிட்டேன்.

இஷிதா பேப்பர் நடுவுல இருந்தது. முதல் கேள்வி, தண்ணி எப்படிக் குளம் குளமா மாறிச் சுத்தமாகுதுன்னு, படம் போட்டு எழுதியிருந்தா. ரெண்டாவது கேள்வியும் அப்படித்தான். மூணாவது கேள்விக்கு நேரா ஒரே ஒரு வரி: "இது பதினெட்டாம் பக்கத்துக்கு மேல இருக்கும்னு நினைக்கிறேன் மேம். நான் அதுவரைக்கும்தான் படிச்சேன்."

பத்துக்கு ஏழு. ஃபைனல் எழுத நாலு போதும். போர்ட்டல்ல முதல் ஆளா அவ மார்க்கைத்தான் போட்டேன்.

பத்தொம்போது வருஷத்துக்கு அப்புறம் எனக்கு வந்த ஞானம் இதுதான்: லிங்க் திறக்கலைன்னு ஸ்டூடண்ட் சொன்னா உடனே நம்பிடுங்க, படிச்சிட்டேன்னு சொன்னா மட்டும் விசாரிங்க.